ஒரு கோடு கூடினால்

ஆய்வேட்டை ஒப்படைப்பதற்கு முந்தைய இரவில் ஓர் ஆய்வு மாணவர் செய்யும் கடைசி வேலைக்கும், அவர் ஐந்தாறு ஆண்டுகள் செய்த ஆய்வுக்கும் பெரும்பாலும் தொடர்பு இருப்பதில்லை. அது பக்க எண் இடும் வேலை. வட இந்திய நகரமொன்றின் பல்கலைக்கழக விடுதியில், இரவு இரண்டு மணிக்கு, கல்விச் சட்டங்களின் வரலாறு குறித்து ஆய்வேடு எழுதி முடித்திருந்த தமிழ் மாணவி ஒருவர் அந்த வேலையில்தான் இருந்தார். விதிமுறைக் கையேட்டின் கட்டளை தெளிவானது. தலைப்புப் பக்கம் முதல் பொருளடக்கம் வரை சிறிய ரோமன் எண்கள். முதல் இயலிலிருந்து 1, 2, 3. தலைப்புப் பக்கம் i என்று கணக்கில் கொள்ளப்பட வேண்டும். ஆனால் அந்த எண் அச்சில் தெரியக் கூடாது. கணினியோ முதல் இயலை xix என்று தொடங்கியது. 'செக்‌ஷன் பிரேக்' இட்டதும் நன்றியுரை 1 ஆயிற்று. அதைத் திருத்தியதும் நூற்பட்டியல் முழுவதும் ரோமாபுரிக்குக் குடிபெயர்ந்தது. இந்த அவஸ்தையை அறியாத ஆய்வாளர் அரிது.

ஒரே நூலுக்கு எதற்கு இரண்டு எண் வரிசைகள்? விடை அச்சுக்கூடத்தில் இருக்கிறது. ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிட்ட காலத்தில் நூலின் உடற்பகுதியே முதலில் அச்சேறியது. முன்னுரை, சமர்ப்பணம், பொருளடக்கம் முதலியன கடைசியாக எழுதப்பட்டு, தனி மடிப்புகளாக அச்சாகி, முன்னால் வைத்துத் தைக்கப்பட்டன. உடற்பகுதி அச்சாகும் வேளையில் முன்பகுதி எத்தனை பக்கம் நீளும் என்பது நூலாசிரியருக்கே தெரியாது. ஆகவே அதற்கென்று தனி வரிசை தேவைப்பட்டது. பழைய தமிழ்ப் பதிப்புகளைப் புரட்டியவர்கள், பதிப்பாசிரியரின் நெடிய முன்னுரை ரோமன் எண்களில் தன் போக்கில் நடந்து சென்று, நூல் தொடங்கும் இடத்தில் ஒன்றாம் பக்கம் பிறப்பதைக் கண்டிருப்பார்கள். ஈய எழுத்துகள் உருக்கி விற்கப்பட்டுவிட்டன. அந்த வழக்கம் மட்டும் பல்கலைக்கழக விதிமுறைகளுக்குள் புகுந்து, காரணம் கேட்பாரின்றி வாழ்கிறது.

ரோமன் எண்களால் இன்று எவரும் கணக்குப் போடுவதில்லை. ரோமானியர்களே கூட்டல் கழித்தலை மணிச்சட்டத்தில் செய்துவிட்டு, விடையை மட்டுமே எழுத்தில் பதிந்தார்கள் என்பது அறிந்த செய்தி. இடமதிப்பும் சுழியமும் கொண்ட இந்திய எண்கள் அரபு வணிகர்கள், அறிஞர்கள் வழியே ஐரோப்பாவை அடைந்தபோது எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 1299இல் ஃப்ளோரன்ஸ் நகரத்து நாணயமாற்றுவோர் சங்கம் தன் உறுப்பினர்களின் கணக்கேடுகளில் புதிய எண்களை எழுதத் தடை விதித்தது. ஒரு சுழியத்தை ஆறாகவோ ஒன்பதாகவோ திருத்திவிடலாம் என்னும் அச்சம் அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. தடை நிலைக்கவில்லை. சில நூற்றாண்டுகளில் கணக்கேடு முழுவதும் புதிய எண்களுக்கு உரிமையாயிற்று. கணக்கேட்டை இழந்த ரோமன் எண்ணுக்குக் கிடைத்த இடங்கள் வேறு: கடிகாரத்தின் முகப்பு, கட்டடத்தின் நெற்றி, அரசனின் பெயர், சட்டத்தின் பகுதி. (கடிகாரத்தில் நான்கை IV என்று எழுதாமல் IIII என்று எழுதுவதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அத்தனை காரணங்கள் இருப்பதே எதுவும் உறுதியில்லை என்பதற்குச் சான்று.)

எண்ணுக்கு இரண்டு தொழில்கள் உண்டு. எத்தனை என்று சொல்வது ஒன்று; எத்தனையாவது என்று சொல்வது மற்றொன்று. ரோமன் எண் முதல் தொழிலைக் கைவிட்டு இரண்டாவதை மட்டும் வைத்துக்கொண்டது. கேட்பதற்கு இது சிறு மாற்றம்போலத் தோன்றும். ஆனால் 'எத்தனையாவது' என்பது வெறும் செய்தி அன்று. சில இடங்களில் அது உரிமைக்கோரல்.

ஸ்காட்லாந்துக்காரர்கள் அதை நன்கு அறிவார்கள். 1952இல் அரியணை ஏறிய எலிசபெத் தம்மை இரண்டாம் எலிசபெத் என்று அழைத்துக்கொண்டார். முதலாம் எலிசபெத் ஸ்காட்லாந்தை ஆண்டவர் அல்லர். அவர் காலத்தில் ஸ்காட்லாந்து தனி அரசு. ஆகவே ஸ்காட்லாந்தைப் பொறுத்தவரை புதிய அரசிதான் முதல் எலிசபெத். எடின்பரோவில் புதிய அரசியின் முத்திரையோடு நிறுத்தப்பட்ட அஞ்சற்பெட்டி ஒன்று 1953 பிப்ரவரியில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. வழக்கும் நடந்தது, தொடுத்தவர்கள் தோற்றார்கள். ஆயினும் அதன்பின் ஸ்காட்லாந்தில் வைக்கப்பட்ட அஞ்சற்பெட்டிகளில் எண் இல்லை. ஸ்காட்லாந்து மணிமுடியின் உருவம் மட்டுமே பொறிக்கப்பட்டது. இரண்டு செங்குத்துக் கோடுகளுக்காக ஓர் அஞ்சற்பெட்டி உயிர்விட்டது என்று சிரிக்கலாம். அந்தக் கோடுகள் சொன்னது ஒரு நாட்டின் வரலாறு இன்னொரு நாட்டின் வரலாற்றுக்குள் அடக்கம் என்பதை.

சோழர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. முதலாம் இராசராசன் தன்னை ஒருபோதும் 'முதலாம்' என்று சொல்லிக்கொண்டவன் அல்லன். அவன் குலத்து அரசர்கள் இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களை மாறி மாறிப் பூண்டார்கள். கல்வெட்டுகள் அந்தப் பட்டத்தையும் ஆட்சியாண்டையும் பொறித்தன. தொடக்ககாலக் கல்வெட்டொன்றில் பரகேசரி என்று மட்டும் இருந்தால் அது எந்தப் பரகேசரி என்று எழுத்தமைதியையும் உடன்வரும் பெயர்களையும் கொண்டு துப்பறிய வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் வரலாறு எழுதியவர்கள் அரசர்களை வரிசையில் நிறுத்தி, பெயருக்குப் பின் I, II என்று குத்தினார்கள். தமிழ் அதனை முதலாம், இரண்டாம் என்று முன்னால் கொண்டுவந்து மரியாதையாக்கிக்கொண்டது. சுந்தர சோழன் இரண்டாம் பராந்தகனானதும் அப்படித்தான். பள்ளி மாணவர் அந்த எண்ணை அரசனின் பெயரோடு பிறந்ததாகவே நம்புகிறார். ஆய்வாளரும் பல வேளைகளில் அது பிற்காலத்தார் ஒட்டிய சீட்டு என்பதை மறந்துவிடுகிறார்.

பெயராகிவிட்ட எண்ணை மாற்றுவது கடினம் என்பதற்கு இந்திய அரசமைப்புச் சட்டத்தைவிட நல்ல சான்று இல்லை. அதன் பகுதிகள் ரோமன் எண்களால் அழைக்கப்படுகின்றன. பழைய வகைப்பாட்டில் அமைந்த மாநிலங்கள் சிலவற்றைப் பற்றிய பகுதி VII, மாநிலச் சீரமைப்பையொட்டி 1956இல் ஏழாம் திருத்தத்தால் நீக்கப்பட்டது. அதற்குப் பின்வந்த பகுதிகள் ஒரு படி இறங்கி வந்து அந்த இடத்தை நிரப்பவில்லை. VIக்கு அடுத்து VIII. நடுவில் காலி நாற்காலி. பகுதி IXஉம் அதே திருத்தத்தில் காலியானது. அந்த நாற்காலியில் 1992ஆம் ஆண்டின் 73ஆம் திருத்தம் ஊராட்சிகளைக் கொண்டுவந்து அமர்த்தியது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வெறுமனே கிடந்த எண்ணுக்குள் இந்தியாவின் கிராமங்கள் குடியேறின. நகராட்சிகளுக்குத் தனி எண் கிடைக்கவில்லை. அவை IX-ஏ என்று பக்கத்து அறையில் இடம்பெற்றன.

இதே சட்டத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஒன்றிய அரசின் அலுவல்களுக்கு எந்த வடிவ எண்களைப் பயன்படுத்துவது என்பது அரசமைப்பு அவையில் கடும் பூசலை எழுப்பிய கேள்வி. தேவநாகரி எண்களே வேண்டும் என்று ஒரு தரப்பு நின்றது. தென்னாட்டு உறுப்பினர்கள் பலர் உலகம் எழுதும் வடிவமே போதும் என்றார்கள். 1949 செப்டம்பர் 12 முதல் 14 வரை நடந்த விவாதத்தின் முடிவில் உறுப்பு 343 உருப்பெற்றது. மொழி தேவநாகரி எழுத்திலமைந்த இந்தி. எண்களோ இந்திய எண்களின் பன்னாட்டு வடிவம். 1, 2, 3 என்பவை ஐரோப்பாவின் சொத்தல்ல, இந்தியாவிலிருந்து சென்று திரும்பியவை என்பதை ஒரு பெயரடைக்குள் அடக்கிய சொற்றொடர் அது. எண்களின் தாய்வீட்டு உரிமையை இவ்வளவு நுட்பமாகப் பதிந்த அந்த உறுப்பு அமர்ந்திருக்கும் இடம் பகுதி XVII. அவையில் எண் வடிவத்துக்காக அத்தனை வாதாடியவர்கள் தலைக்குமேல் இருந்த ரோமன் எண்ணைப் பொருட்படுத்தவில்லை. அதை எண்ணாக அவர்கள் கருதவே இல்லை போலும்.

விடுதி அறையில் இருந்த மாணவியின் ஆய்வேடும் இந்தச் சட்டத்தின் ஒரு கோட்டைப் பற்றியதுதான். ஏழாம் அட்டவணையில் மூன்று பட்டியல்கள் உள்ளன: I ஒன்றியத்துக்கு, II மாநிலத்துக்கு, III இருவருக்கும் பொதுவாக. பல்கலைக்கழகங்கள் உட்பட்ட கல்வி, சில விலக்குகளோடு, பட்டியல் IIஇல் 11ஆம் பதிவாக இருந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல் நிறைவேறிய 42ஆம் திருத்தம் அதை அங்கிருந்து எடுத்து, பட்டியல் IIIஇல் 25ஆம் பதிவுக்குள் சேர்த்தது. காடுகள், வன விலங்கு பறவைகளின் பாதுகாப்பு, எடையும் அளவும், நீதி நிர்வாகம் ஆகியனவும் உடன் சென்றன. பாடத்திட்டம், நுழைவுத் தேர்வு, துணைவேந்தர் நியமனம் என்று இன்று மாநிலங்களுக்கும் ஒன்றியத்துக்கும் இடையே நடக்கும் வழக்குகள் பலவற்றின் வேரைத் தேடிப்போனால் இந்த இடமாற்றத்தில் கால் இடறும். தாளில் பார்த்தால் நிகழ்ந்தது ஒன்றுதான்: இரண்டு கோடுகள் இருந்த இடத்தில் மூன்றாவது கோடு விழுந்தது.

அந்த மூன்றாவது கோடு அவருடைய நான்காம் இயலில் ஓரிடத்தில் விழாமல் போயிற்று. திருத்தத்துக்குப் பிந்தைய நிலையை விளக்கும் வாக்கியத்தில் III என்பதற்குப் பதிலாக II என்று தட்டச்சாகியிருந்தது. இலக்கணம் சரி, எழுத்துப்பிழை இல்லை, கணினி சிவப்புக் கோடு இடவில்லை. வாக்கியம் மட்டும் ஆய்வேட்டின் மொத்த வாதத்துக்கும் நேர்மாறாக நின்றது. மூன்று முறை மெய்ப்புப் பார்த்தும் அவர் கண்ணில் படவில்லை. நெறியாளர்தான் ஓரத்தில் பென்சிலால் சிறு கோடு ஒன்றைப் போட்டு, அருகில் கேள்விக்குறி இட்டிருந்தார். 2 என்றும் 3 என்றும் எழுதியிருந்தால் அந்தப் பிழை முதல் பார்வையிலேயே அகப்பட்டிருக்கும். இரண்டும் வெவ்வேறு உருவங்கள். ஒன்று தேய்ந்தால் மற்றொன்றாகிவிடுவதில்லை.

ஆய்வேட்டில் இந்தப் பிழைக்கு விலை ஒரு வெட்கம். மருத்துவத்தில் அப்படி இல்லை. நீரிழிவின் இரு பெரும் வகைகளை ஒரு காலத்தில் வகை I, வகை II என்று எழுதினார்கள். 1997இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வல்லுநர் குழு அவற்றை 1, 2 என்றே எழுத வேண்டும் என்று பரிந்துரைத்தது. காரணம் எளியது: பொதுமக்கள் IIஐப் பதினொன்று என்று படித்துவிடக்கூடும். மூளைக் கட்டிகளின் தரநிலைகளையும் உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டு வகைப்பாட்டில் ரோமன் எண்களிலிருந்து 1, 2, 3, 4க்கு மாற்றியது. IIக்கும் IIIக்கும் இடையிலுள்ள ஒரு கோடு ஒரு நோயாளியின் சிகிச்சைத் திட்டத்தையே மாற்றிவிடும் என்னும்போது, இலத்தீன் அழகுக்காக எவரும் வாதாட முடியாது.

இரத்தம் உறைதல் காரணிகள் மட்டும் இன்னும் பழைய உடையில் இருக்கின்றன. ஒவ்வோர் ஆய்வுக்கூடமும் ஒரே பொருளை வெவ்வேறு பெயரால் அழைத்துக் குழப்பிய காலத்தில், பன்னாட்டுக் குழு ஒன்று அவற்றுக்கு I, II என்று எண் சூட்டிச் சண்டையைத் தீர்த்தது. அந்த வரிசையில் VI இல்லை. அது தனிப் பொருளே அன்று, V செயல்படும் நிலையே என்று பின்னர் தெரிந்தது. அரசமைப்பின் பகுதி VII போலவே அந்த நாற்காலியும் காலியாக விடப்பட்டது. ஹீமோஃபிலியா ஏ வகையினருக்குக் குறைவது VIII. பி வகையினருக்குக் குறைவது IX. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் பிள்ளையோடு காத்திருக்கும் தாய் 'ஃபேக்டர் எட்டு' என்று சொல்வார். வாய்ச்சொல்லில் ஏழுக்கும் எட்டுக்கும் குழப்பமே இல்லை. குப்பியின் மேலுள்ள எழுத்தில்தான் VIIக்கும் VIIIக்கும் இடையே ஒரு கோடு மட்டும் நிற்கிறது; இரண்டும் வெவ்வேறு குறைபாடுகளுக்கான வெவ்வேறு மருந்துகள்.

படித்தவர்களுக்குள்ளேயே புரிதல் பிரிவதும் உண்டு. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கந்தொட்டுக் கால்சியத்தின் ஒளியில் சூரியனைப் படம்பிடித்து வந்திருக்கிறது. அந்த ஒளிக்கோட்டை வானியலாளர் கால்சியம் II என்று எழுதுவார். அதன் பொருள், ஓர் எலக்ட்ரானை இழந்த கால்சியம். வேதியியலாளர் சுண்ணாம்பிலுள்ள கால்சியத்தைக் கால்சியம்(II) என்று எழுதினால் அதன் பொருள், இரண்டு எலக்ட்ரான்களை இழந்த கால்சியம். வானியலாளர் நிறமாலைகளை வரிசைப்படுத்தினார். எதையும் இழக்காத அணுவின் நிறமாலை I, ஒன்றை இழந்ததன் நிறமாலை II. வேதியியலாளர் இழப்பையே குறித்தார். மேகநாத சாகா 1920இல் வெளியிட்ட அயனியாக்கச் சமன்பாட்டைக் கற்கும் மாணவர், காலையில் வேதியியல் வகுப்பிலிருந்து வந்து மாலையில் இதைச் சந்திக்கும்போது ஒருகணம் திகைப்பது அவருடைய அறியாமையால் அன்று. தனிம அட்டவணையிலும் இதே கதை. அமெரிக்காவில் III-பி என்று வழங்கிய தொகுதி ஐரோப்பாவில் III-ஏ. 1988இல் 1 முதல் 18 வரை எண்ணிட்டபிறகே அந்தக் குழப்பம் அடங்கத் தொடங்கியது.

2021இல் பாரிஸ் நகரத்து கர்னவாலே அருங்காட்சியகம் தன் விளக்கப் பலகைகள் சிலவற்றில் அரசர்களின் பெயருக்குப் பின்னும் நூற்றாண்டுகளுக்கும் ரோமன் எண்களை விட்டுவிட்டு வழக்கமான எண்களை எழுதியது. பதினான்காம் லூயியின் XIV, 14 ஆயிற்று. இத்தாலியிலிருந்து கண்டனம் எழுந்தது. பண்பாடு சரிகிறது, வாசகரைக் கீழிறக்குகிறார்கள் என்றெல்லாம் எழுதினார்கள். அருங்காட்சியகம் சொன்னது, எல்லாப் பார்வையாளர்களுக்கும் படிக்க இயல வேண்டும் என்பதை. கண்டித்தவர்களின் வருத்தம் பொய்யன்று. ரோம் நகரின் தெருக் கற்களையே படிக்கத் தெரியாத தலைமுறை ஒன்று வருவது இழப்புதான். தமிழ் எண்களைத் தொலைத்தவர்களுக்கு அந்த வருத்தம் எளிதில் புரியும். பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக் குறிகள் கொண்ட அந்த வரிசையை இன்று பழைய ஓலையோ பத்திரமோ படிப்பவர்களே அறிவர். ஆயினும் விளக்கப் பலகை என்பது தேர்வுத்தாள் அன்று. அதன்முன் நிற்கும் பிறநாட்டாரோ பத்து வயதுச் சிறுமியோ XIVஐப் பிரித்துக் கூட்டிப் பார்த்துத்தான் உள்ளே நுழைய வேண்டும் என்பது பண்பாட்டைக் காப்பதாகாது, வாயிற்காவலைப் போன்றது. கற்பிக்க வேண்டிய இடம் வகுப்பறை. அங்கே கற்பிப்பதை யாரும் தடுக்கவில்லை.

விடுதியில் மூன்று மணியாயிற்று. முதல் இயல் ஒருவழியாக 1இல் நின்றது. முன்பகுதி xviiiஇல் முடிந்தது. அச்சுக்கு அனுப்பும் முன் மாணவி நன்றியுரையை ஒருமுறை படித்தார். நெறியாளர், துறைத்தலைவர், உதவித்தொகை, நண்பர்கள், அம்மா, அப்பா. ஒரு பெயர் விட்டுப்போயிருந்தது. ஆவணக் காப்பகத்தில் இரண்டு கோடைகள் முழுவதும், கேட்ட கட்டுகளைத் தூசி தட்டி எடுத்துவந்து கொடுத்து, கேட்காத ஒரு கட்டையும் 'இதையும் பாருங்கள்' என்று மேசைமேல் வைத்துவிட்டுப் போன ஊழியர். மூன்றாம் இயல் அந்தக் கட்டிலிருந்துதான் பிறந்தது. அவரைப் பற்றி ஆறு வரிகள் எழுதியதும் நன்றியுரை அடுத்த பக்கத்துக்கு வழிந்தது. பொருளடக்கம் viலிருந்து viiக்கு நகர்ந்தது. முன்பகுதி xixஇல் முடிந்தது. அவர் பயந்தபடியே கீழே உருட்டிப் பார்த்தார். முதல் இயல் 1இலேயே இருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கங்களில் ஒன்றுகூட அசையவில்லை.